ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்ட கை

கருவம்பேரி ஆஸ்பத்திரியில் கை இருந்த காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அந்த ஊர்க்காரர்களுக்கு இன்றைக்கும் டீ ஆறிப்போவது தெரியாது. அப்போதெல்லாம் சாரல்கூடச் சொன்ன நேரத்துக்கு மலையிலிருந்து இறங்கி வந்தது என்று ஒருவர் தொடங்குவார். சாரலை விடும் ஓய், கையைச் சொல்லும் என்று இன்னொருவர் பிடித்துக்கொள்வார். பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லாமல் செங்கோட்டையிலிருந்தும் மலைக்கு அந்தப்புறமிருந்தும் ஜனம் வந்து இறங்கியதை மூன்றாமவர் சொல்வார். கடைசியில் எல்லோரும் ஒன்றுபோலப் பெருமூச்சு விட்டு, அந்தக் காலம் இனி எங்கே வரப்போகிறது என்பார்கள். யாருடைய கை என்று கேட்டால் நீங்கள் வெளியூர் என்று தெரிந்துவிடும். அது டாக்டர் உலகநாயகியின் வலது கை. ஓர் ஆடி மாதத் தொடக்கத்தில் அது அவளோடு வீட்டுக்குப் போகாமல், ஐந்து விரலும் உள்ளங்கையுமாக, ஆஸ்பத்திரி மேஜையிலேயே தங்கிவிட்டது.

கைராசி படித்து வருவதில்லை, அது பிறந்த வேளை என்பது கருவம்பேரியின் நம்பிக்கை. ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். உலகநாயகி, மகள் கோமு வயிற்றில் இருந்தபோது மாற்றலாகி வந்தவள். இன்னொருவர் ஜெபராஜ், நாசரேத் பக்கத்து இளைஞர், முதல் வேலையே இங்கேதான். அவர் வந்த வாரத்தில் கைவைத்துப் பார்த்த முதல் நோயாளி தொண்ணூறு தாண்டிய ஒரு பெரியவர். அவர் மறுநாள் காலை காப்பியைக் குடித்துவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். பாவம் அந்தப் பெரியவர், போகிற நேரம் வந்து போனார். ஆனால் ஜெபராஜுக்கு ராசியில்லை என்று ஊர் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டது. நாய்க்கடி ஊசிக்கும் லீவு சர்ட்டிபிகேட்டுக்கும் மட்டும் அவர் அறைக்குப் போனார்கள். மற்றபடி தலைவலி, பிரசவம், சர்க்கரை, பேய்பிடித்ததா பித்தமா என்ற சந்தேகம், எல்லாவற்றுக்கும் உலகநாயகிதான். மருந்துகூட வேண்டாம், அந்த அம்மா ஒரு தடவை கைவைத்தால் போதும் என்று மணிக்கட்டை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

வந்த புதிதில் அது அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாடியைப் பிடித்துக்கொண்டே வீட்டில் என்ன குழம்பு என்று கேட்பாள், பீடி சுற்றும் பெண்கள் தட்டோடு வந்து வரிசையில் உட்கார்ந்து இலையை நறுக்கிக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள், யாராவது ஒருத்தி முருங்கைக்கீரையை மேஜைமேல் வைத்துவிட்டு ஓடிப்போவாள், யாருக்கும் யாருக்கும் இடையே பேச்சு இல்லை என்பதுவரை அவளுக்குத் தெரியும். பிறகு பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லாமல் போனார், அந்த வரிசையும் இங்கே வந்தது. அடுத்த ஊரிலும் அப்படியே, அதுவும் வந்தது. குழம்பைக் கேட்பது நின்றது. பிறகு பெயரைக் கேட்பது நின்றது. கடைசியில் முகத்தைப் பார்ப்பதும் நின்று, மேஜைக்கு அந்தப் பக்கம் மணிக்கட்டுகள் மட்டும் வந்துவந்து போயின.

அப்படி ஒரு நாளில்தான் சொர்ணம் செத்துப்போனாள். பீடி சுற்றியே நெஞ்சுக்கூடு காய்ந்த பெண், இழுப்பு வரும்போதெல்லாம் வருவாள், வரும்போதெல்லாம் எதையாவது மடியில் கட்டிக்கொண்டு வருவாள். செய்யவேண்டியதெல்லாம் செய்தும், உலகநாயகியின் விரல்களுக்குக் கீழே அவள் நாடி நின்றது. உலகநாயகி எஸ்தர் சிஸ்டரிடம் நேரத்தைச் சொன்னாள், கையைக் கழுவினாள், அடுத்த ஆளை வரச்சொன்னாள். மதியம் தயிர்ச்சோற்றைத் திறந்து பாதி தின்றபிறகுதான் தனக்கு அழுகை வரவில்லை என்பது நினைவுக்கு வந்தது. பையில் சாவியைத் தேடுகிற மாதிரி உள்ளே எங்கெங்கோ துழாவிப் பார்த்தாள். துக்கம் எந்த மூலையிலும் இல்லை. மீதிச் சோற்றையும் தின்றுவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் ஸ்கூட்டரில் சாவியைப் போட முடியாமல் குனிந்து பார்த்தபோது கை இல்லை. ரத்தம் இல்லை, வலி இல்லை. வளையல் கழற்றின இடம்போல மணிக்கட்டு வழவழப்பாக இருந்தது. எஸ்தர் சிஸ்டர் வராந்தாவுக்கு வந்து, குடையை மறந்தவர்களைக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள்.

"மேடம், கைய டேபிள்லயே வச்சிட்டுப் போறீங்க."

"இருக்கட்டும் சிஸ்டர். காலைல வந்து எடுத்துக்கிடுதேன்," என்றாள் உலகநாயகி. திரும்பி அந்த வராந்தாவில் ஏறிப்போக அவளுக்குத் தெம்பில்லை. ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனாள்.

அவள் கணவன் சங்கரலிங்கம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவள் ஆஸ்பத்திரியில் எதையாவது விட்டுவிட்டு வருவது அவனுக்குப் பழகிப்போனதுதான். தூக்குச்சட்டியை விட்டுவிட்டு வந்திருக்கிறாள், கண்ணாடியை விட்டிருக்கிறாள், ஒரு தடவை தங்கள் கல்யாண நாளையே அங்கே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். இந்தத் தடவை கை. அவன் ஒரு ஸ்பூனைக் கழுவி இடது பக்கத்தில் வைத்தான். கோமு மட்டும் எட்டிப்பார்த்து, நாளைக்கு யார் ஜடை போட்டுவிடுவது என்று கேட்டாள். அப்பா போடுவார் என்றாள் உலகநாயகி. அப்பா போடுகிற ஜடை கயிறு திரித்த மாதிரி இருக்கும் என்று சொல்லிவிட்டு அவள் தூங்கப் போனாள்.

மறுநாள் போனால், அவளுக்கு முன்னாலேயே கை வேலையைத் தொடங்கியிருந்தது. நாடி பிடித்தது, வயிற்றை அமுக்கிப் பார்த்தது, முதுகைத் தட்டிப் பார்த்தது, மருந்துக்காரரைத் தவிர வேறு யாராலும் படிக்க முடியாத அதே எழுத்தில் சீட்டு எழுதியது, இரண்டு விரலை ஆட்டி அடுத்த ஆளைக் கூப்பிட்டது. கேட்கக் காது வேண்டாமா, பார்க்கக் கண் வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அவை பல நாளாகவே அங்கே இருந்ததில்லை. உலகநாயகி பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒருவரும் நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. அவள் கையை எடுக்கப்போனபோது அது மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டது, வரிசையும் முணுமுணுத்தது. சரி, நாளைக்குப் பார்ப்போம் என்று மத்தியானமே வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

முறையாக லீவு கேட்டு எழுதிப்போட்டாள். தினமும் வந்ததற்கு அடையாளம் வைக்கிற மெஷினில் பெருவிரல் சரியாகப் பதிந்துகொண்டிருப்பதால் டாக்டர் பணியில்தான் இருக்கிறார், பணியில் இருப்பவருக்கு லீவு தேவையில்லை என்று பதில் வந்தது. மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி நேரிலும் வந்து பார்த்தார். கை ராத்திரியிலும் தூங்குவதில்லை என்று சிஸ்டர் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துபோயிற்று. அவசரப் பிரிவையும் அதற்கே கொடுத்துவிடச் சொன்னார், மற்ற ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கும் இப்படி ஓர் ஏற்பாடு செய்ய முடியுமா என்று தீவிரமாக விசாரித்தார், போகும்போது தன் மணிக்கட்டையும் ஒரு தடவை நீட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

ஊர் கையை எப்படிக் கொண்டாடியது என்பதைச் சொல்லத் தொடங்கினால் பொழுது போதாது. ஆடிப்பூரத்தன்று அம்மனுக்குச் சாத்திய வளையல்களில் ஒரு பங்கை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து பச்சையும் சிவப்புமாகக் கைக்கு அடுக்கினார்கள், ஊசி போடுகிற இடத்தில் கண்ணாடி வளையலா என்று எஸ்தர் சிஸ்டர் ஒவ்வொன்றாகக் கழற்றினாள், மறுநாள் இன்னும் இரண்டு பங்கு வந்தது. கண்பட்டுவிடும் என்று உப்பும் மிளகாய்வற்றலும் சுற்றிப்போட்டார்கள். மருதாணி அரைத்துப் பூசினார்கள். சாரலில் குளிரும் என்று ஒரு கிழவர் தன் பேத்தியின் குட்டி ஸ்வெட்டரைக் கொண்டுவந்து போர்த்தினார். ஆட்டோக்காரர்கள் கையின் படத்தைப் பெரிதாகப் போட்டு ப்ளெக்ஸ் கட்ட, அது எங்கள் சின்னம் என்று ஒரு கட்சிக்காரர்களும் தேர்தல் நேரத்தில் இது என்ன வேலை என்று மற்ற கட்சிக்காரர்களும் சண்டைக்கு வர, தாசில்தார் வந்து படத்தின்மேல் வேட்டியைப் போட்டு மூடினார். மூடிய வேட்டிக்கு முன்னாலும் நாலு பேர் கும்பிட்டார்கள். அந்த ஊரில் அன்புக்குக் குறைவே இல்லை. கையைக் கொஞ்சம் சும்மா விடலாம் என்பது ஒன்றுதான் யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டில் உலகநாயகி தூங்கினாள். காலையில் தூங்கினாள், மத்தியானம் தூங்கினாள், சங்கரலிங்கம் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போதும் தூங்கிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள் எழுந்து ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்த்தாள். மேகம் மலைமேல் படுத்திருந்தது. சின்ன வயதில் குற்றாலத்துக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே அந்தக் கையை நீட்டிச் சாரலைப் பிடித்துக்கொண்டு போனது நினைவுக்கு வந்தது. கண்டக்டர் திட்டுவார், உள்ளே இழுப்பாள், அவர் தலை மறைந்ததும் மறுபடி நீட்டுவாள். காலேஜில் முதல் வருஷம் எவ்வளவு சோப்புப் போட்டும் போகாத மருந்து நெடியோடு அந்தக் கையால்தான் ஹாஸ்டல் சாம்பாரைப் பிசைந்து தின்றாள். அந்தக் கையால்தான் டேபிள் டென்னிஸ் ஆடி, பையன்களை அழவைத்தாள். முதன்முதலாக ஒரு பிரசவம் பார்த்த அன்று, வழுக்கிக்கொண்டு வந்த அந்தச் சிசுவை ஏந்திய கையைக் கீழே வைக்க மனசில்லாமல், காப்பி டம்ளரைக்கூட இடது கையால் பிடித்துக்கொண்டு ஹாஸ்டல் முழுக்கச் சுற்றினாள். தோழிகள் கிண்டல் செய்தார்கள். எவ்வளவு நல்ல கை அது. எப்போது அது தன்னுடையதாக இல்லாமல் போனது என்று யோசித்துப் பார்த்தாள். ஒரு நாளைக் குறித்துச் சொல்ல முடியவில்லை.

கோமுவுக்கு அது நல்ல காலமாக இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா வீட்டில் இருந்தாள், சொல்வதையெல்லாம் கேட்டாள், கேட்டதை மறக்காமல் மறுநாள் அதிலிருந்து கேள்வி கேட்டாள். மூன்று பேருமாகக் குற்றாலத்துக்குப் போய்ச் சாரலில் நனைந்தார்கள். சங்கரலிங்கம் கைத்தாங்கலாக மனைவியை அருவிக்கரைவரை கூட்டிப்போனான். இப்படியே இருந்துவிடலாமே என்றுகூட உலகநாயகிக்குத் தோன்றியது. ஆனால் பேசிக்கொண்டே மகளின் தலையைத் தடவ அவள் வலது பக்கம் தானாக எழும்பும், அங்கே ஒன்றும் இருக்காது, எழும்பியது அப்படியே கீழே இறங்கும்.

ஆவணி பிறந்தபோது கோமுவுக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் போகட்டும் என்று விட்டார்கள், இரண்டாம் நாள் அனலாகக் கொதித்தது, கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று அழுதாள். உலகநாயகி தெர்மாமீட்டரை வைத்தாள், எண்ணைப் படித்தாள், என்னென்னவாக இருக்கலாம் என்று அவள் படித்த படிப்பு ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிற்று. இடது கையை மகள் நெற்றியில் வைத்தாள். அந்தக் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஊர் நம்பியதை அவளும் எப்போதோ நம்பத் தொடங்கியிருந்தாள். அந்த வலது கை ஒரு தடவை தொட்டால் போதும் என்றிருந்தது. சங்கரலிங்கம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டான். மழைக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அவள் பின்னால் போனாள்.

வரிசை பஸ் ஸ்டாண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் நேராக வாசலுக்குப் போனபோது, எல்லாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டுதான் வந்திருக்கிறோம், பின்னால் போய் நில்லு தாயி என்று ஒரு பெண் சொன்னாள். வெளியூர்க்காரி இல்லை, இந்த ஊர்ப் பெண்தான், அவளுடைய இரண்டு பிரசவத்தையும் உலகநாயகிதான் பார்த்தாள். இவள் அவள் முகத்தைப் பார்த்ததில்லை, அவளும் இவள் முகத்தைப் பார்த்ததில்லை. உலகநாயகி பின்னால் போய் நின்றாள். கால் வலித்தது. தனக்கு முன்னால் இருக்கிறவர்கள் சீக்கிரம் முடித்துக்கொண்டு போகவேண்டுமே என்றும், தன் முறை வரும்போது மட்டும் நிதானமாகப் பார்க்கவேண்டுமே என்றும் அவளுக்கும் இருந்தது. இத்தனை காலம் மேஜைக்கு அந்தப் பக்கம் வந்தவர்கள் எல்லோருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

உள்ளே போனதும் சங்கரலிங்கம் கோமுவை ஸ்டூலில் உட்காரவைத்து அவள் மணிக்கட்டை மேஜையில் வைத்தான். கை வந்து பிடித்தது. உலகநாயகி பின்னால் நின்று பார்த்தாள். அந்த விரல்கள் நாடியைப் பார்த்தன, நெற்றியைத் தொட்டன, விலகின, சீட்டில் எழுதின, எழுதி முடித்து இரண்டு விரலை ஆட்டி அடுத்த ஆளைக் கூப்பிட்டன.

கோமு எழுந்திருக்கவில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, அதுக்கு என்னைத் தெரியல."

உலகநாயகிக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. போன வருஷம் இதே பிள்ளைக்குக் காதுவலி வந்து, சங்கரலிங்கம் இங்கே தூக்கிக்கொண்டு வந்திருந்தான். அன்று அந்தக் கை அவள் மணிக்கட்டோடுதான் இருந்தது. அன்றும் அது இப்படியேதான் பார்த்தது, இப்படியேதான் எழுதியது, இரண்டு விரலை ஆட்டி அடுத்த ஆளைக் கூப்பிட்டது. அன்று கோமு ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோனாள். அந்த மௌனம் உலகநாயகிக்கு இப்போதுதான் கேட்டது.

அவள் பிள்ளையின் கையைப் பிடித்து எழுப்பி, வரிசை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்து அறைக்குள் போனாள். ஜெபராஜ் பழைய பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பதறி எழுந்தார்.

"டாக்டர், எம் புள்ளையக் கொஞ்சம் பாருங்க," என்றாள் உலகநாயகி.

அவர் பார்த்தார். நோயாளிக்குப் பசித்திருந்தவர் ஆகையால் அவசரமே இல்லாமல் பார்த்தார். என்ன சாப்பிட்டாய், எங்கே விளையாடினாய், வீட்டுப்பக்கம் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறதா, வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவள் பெயர் என்ன, அவளுக்கும் காய்ச்சலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ரத்தம் எடுக்கச் சொன்னார். கொசுக்காய்ச்சல், டெங்குதான், பயப்பட வேண்டாம், ஆனால் இங்கேயே படுக்கட்டும் என்றார். வார்டில் கட்டில் கிடைத்தது. காலையும் மாலையும் வந்து பார்த்தார். வரும்போதெல்லாம் அந்தப் பக்கத்து இருக்கைக்காரியைப் பற்றிப் புதிதாக ஒரு கேள்வி வைத்திருந்தார். கோமு தேறினாள்.

இதற்குள் வரிசையில் ஒரு யோசனை முளைத்துவிட்டது. தலையில் முந்தானை போட்டிருந்தது டாக்டரம்மாவேதான் என்று யாரோ கண்டுபிடித்துச் சொல்ல, கைக்குச் சொந்தக்காரியே தன் கையை விட்டுவிட்டுப் பிள்ளையை அந்தத் தம்பியிடம் கொண்டுபோனால் அதற்கு ஓர் அர்த்தம் இருக்கவேண்டும் என்று இன்னொருவர் சொல்ல, பிள்ளையும் பிழைத்து வாசலில் நின்று ரஸ்க் தின்றதைக் கண்ணால் கண்டபிறகு, ஜெபராஜின் ராசி திரும்பிவிட்டது என்று ஊர் முடிவு செய்தது. அந்தத் தொண்ணூறு வயதுப் பெரியவரின் சாவுகூட, எவ்வளவு நிம்மதியான சாவு, யாருக்குக் கிடைக்கும் என்று மாறிப்போயிற்று. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அது தானாக மறுபக்கம் திரும்பும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். வரிசை இரண்டாகப் பிரிந்தது.

கோமுவை வீட்டுக்கு அனுப்புகிற அன்று ஜெபராஜ் உலகநாயகியைத் தனியாகக் கூப்பிட்டார். சொல்லலாமா வேண்டாமா என்று பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"மேடம், நேத்து கூட்டம் இல்லாத நேரம் உங்க கையோட நாடியப் பாத்தேன். தாறுமாறா ஓடுது. எல்லாரும் அதுகிட்டக் காட்டுதாங்க, அத யாருமே பாக்கல. எனக்கும் இத்தன நாளும் தோணாமப் போச்சு. அதுக்கு முடியல மேடம்."

மதியம் கூட்டம் குறைந்திருந்தது. வெளியே வெயிலும் தூறலும் சேர்ந்து அடித்துக்கொண்டிருந்தது. சங்கரலிங்கத்தையும் கோமுவையும் முன்னால் போகச் சொல்லிவிட்டு, உலகநாயகி தன் அறைக்குள் போனாள். மேஜைக்கு அந்தப் பக்கம் போய்த் தன் நாற்காலியில் உட்காரவில்லை. இந்தப் பக்கம், நோயாளிகளின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அதில் உட்கார்ந்ததே இல்லை. தாழ்வாக இருந்தது, ஒரு கால் ஆடியது. இங்கிருந்து பார்த்தால் மேஜை ரொம்ப உயரம். அவள் இடது மணிக்கட்டை நீட்டினாள். கை வந்து பிடித்துக்கொண்டது. ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி சில்லென்று இருந்தது, விரல் ஓரத்தில் பேனா அழுத்திக் காய்த்திருந்தது, நகத்தில் மருதாணி பாதி வளர்ந்து போயிருந்தது. நாடியை எண்ணியது. எண்ணி முடித்தது. பேனாவைத் தேடியது.

இந்த ஸ்டூலில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும், ராத்திரி மூச்சுமுட்டினவர்களும் ஏழு பிள்ளை பெற்றவர்களும், முதலில் சொல்கிற ஒரு வார்த்தை உண்டு. அதை அவள் ஒரு நாளும் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொன்னால் டாக்டர் என்னத்துக்கு என்று இருந்தாள்.

"முடியல," என்றாள் உலகநாயகி. "எனக்கு முடியல."

கை பேனாவை எடுக்கவில்லை. இரண்டு விரலை ஆட்டவில்லை. அப்படியே அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அது நடுங்கத் தொடங்கியது. அவள் இடது கையைப் புரட்டி அதைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் வந்தது. சொர்ணத்துக்காக வந்தது, பெயர் மறந்துபோன ஒரு பையனுக்காக வந்தது, முகமே பார்க்காத எத்தனையோ பேருக்காக வந்தது, பிறகு யாருக்காக என்று பிரித்துச் சொல்ல முடியாமல் வந்தது. அவள் மேஜைமேல் தலையை வைத்து, வாய்விட்டு அழுதாள். எஸ்தர் சிஸ்டர் எட்டிப்பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். வெளியே நின்றவர்கள் ஏன் என்று கேட்டதற்கு, உள்ளே ஒரு பேஷண்ட் இருக்கிறார், நேரம் ஆகும், பொறுக்க முடியாதவர்கள் அடுத்த ரூமுக்குப் போகலாம் என்றாள்.

அவள் எழுந்தபோது கையும் கூடவே எழுந்தது. மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன காலில் ரத்தம் திரும்பி ஓடும்போது இருக்குமே, அப்படி ஊசி ஊசியாகக் குத்தியது. இடது கையால் அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டே வெளியே வந்தாள். வரிசை வழிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஊருக்குத் தெரியும். கைக்கு முன்னைப்போல ராசி இல்லை என்றார்கள். வேகம் இல்லை, அந்த அம்மா குழம்பையும் சம்பந்திச் சண்டையையும் விசாரித்து நேரத்தைக் கடத்துகிறாள், சில பேருக்காகக் கண்கலங்கவும் செய்கிறாள், டாக்டர் அழலாமா என்றார்கள். வாரத்தில் ஒரு நாள் அவள் வரவே மாட்டாள். அந்த ஒரு நாளுக்காக அவளும் ஜெபராஜும் மாவட்டத்துக்கு நடையாய் நடந்து, அந்த அதிகாரியோடு சண்டையே போட்டார்கள். தினமும் காலையில் கதவு திறப்பதற்கு முன்னால் இரண்டு டாக்டர்களும் எஸ்தர் சிஸ்டரும் ஒருவர் நாடியை ஒருவர் பிடித்துக்கொண்டு, எப்படி இருக்கீங்க என்று கேட்டு, பதில் வருகிறவரைக்கும் காத்திருப்பார்கள். நல்லா இருக்கேன் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னால் இரண்டாம் தடவை கேட்பார்கள். ஏதோ அவர்கள் சாஸ்திரம் என்று நினைத்துக்கொண்டு ஜனங்கள் வாசலில் பொறுமையாக நிற்பார்கள். நின்றுகொண்டே, கை இருந்த காலத்தில் இப்படியெல்லாம் நிற்கவேண்டியதில்லை என்று பேசிக்கொள்வார்கள்.

அதெல்லாம் பின்னால். அன்று மதியம் உலகநாயகி வீட்டுக்குள் நுழைந்தபோது சங்கரலிங்கம் அடுப்படியில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தான். அவள் இரண்டு கையாலும் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்துவிட்டு இன்னொரு டம்ளரை எடுத்துவைத்தான். கோமு ஜன்னலோரக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். உலகநாயகி பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் குத்திக்கொண்டிருந்த கையை மகள் நெற்றியில் வைத்தாள்.

கோமு கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "காச்சல் விட்டுட்டும்மா. ஜெபராஜ் டாக்டர் பாத்துட்டாங்க."

"தெரியும் ளா," என்றாள் உலகநாயகி. "சும்மாதான் வச்சிருக்கேன்."

கோமு கண்ணைத் திறந்து அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு தன் கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டு தூங்கிப்போனாள்.